உங்களுக்குத் தெரியுமா? 10 என்று கணித்தார்கள், வந்தது 861,000!

நுரைச்சோலைக் கடற்கரையில் நின்று மேற்கே பாருங்கள். கடல், கடல், கடல்தான்! அந்தக் கடலுக்கு மேலாகவே ஒரு கோடு இழுங்கள். நேர் மேற்கிலிருந்து ஒரு நூல் வடக்கே சாய்த்தால் போதும். கோடு போய் முட்டும் ஊர் எது தெரியுமா? கூடங்குளம்! தூரம் சுமார் 220 கிலோமீற்றர்!

இந்தக் கரையில் லக்விஜய அனல்மின்நிலையம். 300 மெகாவோட் வீதம் 3 அலகுகள், மொத்தம் 900! அந்தக் கரையில் 1,000 மெகாவோட் வீதம் 2 அணு உலைகள். இங்கே ஆண்டுக்கு எரிவது 20 இலட்சம் தொன்னுக்கும் மேலான நிலக்கரி. அங்கே ஓர் உலை ஆண்டு முழுவதும் ஓடத் தேவையான புதிய எரிபொருள் 30 தொன்னைக்கூடத் தாண்டாது!

நிலக்கரியிலும் யுரேனியம் இருக்கிறது, தெரியுமா? உலகின் பெரும்பாலான நிலக்கரியில் தொன்னுக்கு 1 முதல் 4 கிராம் வரை! மிகக் குறைவாக 1 கிராம் என்றே வைத்துக்கொண்டு 20 இலட்சம் தொன்னால் பெருக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு 2 தொன் யுரேனியம்! பயப்பட வேண்டாம். சாம்பலில் மிஞ்சும் கதிரியக்கம் சாதாரணக் கருங்கல்லில் இருப்பதைவிடப் பெரிதாக வேறுபடாது!

அலைக்குள்ளும் அதே கதைதான். ஒரு கன கிலோமீற்றர் கடல்நீரில் கரைந்திருக்கும் யுரேனியம் 3 தொன்னுக்கும் மேல்! கற்பிட்டியில் குளித்துவிட்டு வரும்போது நாக்கில் பட்ட உப்புநீரிலும் அது இருந்திருக்கும்!

சரி, கூடங்குளத்து உலைக்குள் எட்டிப் பார்ப்போம். 163 எரிபொருள் கட்டுகள். எடை பல பத்துத் தொன். இந்தப் பெரிய உடம்புக்குள் சில பத்துக் கிராம் மட்டும் சேருகிற ஒரு வாயு, முழு உலையையும் மூச்சுத் திணறவைக்கும்! பெயர் செனன்-135. நிலையில்லாத கரு. அரைவாழ்வுக் காலம் 9 மணித்தியாலமும் கொஞ்சமும்தான்!

ஒரு கரு எவ்வளவு ஆசையாக நியூத்திரனைப் பிடிக்கும் என்பதை அளக்கிற அலகு பார்ன். ஒரு சதுர சென்ரிமீற்றரை, 1க்குப் பின் 24 சைபர் போட்ட எண்ணால் பிரித்தால் வருகிற பரப்பு அது! செனன்-135 நியூத்திரன் பிடிக்கும் பரப்பு எவ்வளவு தெரியுமா? 26 இலட்சம் பார்ன்! இதுவரை அளந்த கருக்களில் இதை வெல்ல ஆளே இல்லை!

அதன் சொந்த உடம்பின் பரப்பு வெறும் 1.2 பார்ன் அளவுதான். தன்னைவிட 20 இலட்சம் மடங்கு பெரிய வலையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! கரு ஒரு கடுகு அளவு என்றால் வலையின் அகலம் 3 மீற்றர். கற்பிட்டி மீனவர்களிடம்கூட இந்த விகிதத்தில் வலை கிடையாது!

நியூத்திரனை விழுங்கியதும் அது செனன்-136 ஆகிவிடும். அவ்வளவுதான், ஆசை அடங்கிவிட்டது! பிடிக்கும் பரப்பு 1 பார்ன்கூட இல்லை. ஒரே ஒரு நியூத்திரன் கூடியதற்கு இத்தனை துறவு!

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு. நாடு முழுவதும் கறண்ட் இல்லை! காரணம் குரங்குதான் என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். நுரைச்சோலையின் 3 அலகுகளும் நின்றுபோயின. அடுத்தடுத்த நாட்களில் நாடெங்கும் மின்வெட்டு!

நிலக்கரிக் கொதிகலனுக்கே இந்தப் பாடு. அணு உலை திடீரென நின்றால்? உள்ளே இருக்கும் செனன் உடனே குறையாது, கூடும்! அயடீன்-135 தேய்ந்து தேய்ந்து செனனைப் பெற்றுப்போட்டுக்கொண்டே இருக்கும். உலை நின்று 10, 11 மணித்தியாலம் கழித்துத்தான் அது உச்சத்தைத் தொடும்! உலையில் போதிய உபரி இல்லாவிட்டால் ஒரு நாளுக்கும் மேல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்!

1944 செப்ரெம்பர், அமெரிக்காவின் ஹான்போர்ட். உலகின் முதலாவது பெரிய உலை. என்ரிகோ ஃபெர்மி பக்கத்திலேயே நிற்கிறார். உலை ஓடத் தொடங்குகிறது. சில மணித்தியாலத்தில் தானாகவே அடங்கிச் சாகிறது. பிறகு தானாகவே உயிர்த்தெழுகிறது! மறுபடி சாகிறது! பேய் பிசாசு ஒன்றுமில்லை. அது செனன்-135. ஜோன் வீலர் அந்த நேரக் கணக்கை வைத்தே குற்றவாளியைப் பிடித்தார்!

உலையைக் காப்பாற்றியவர்கள் யார் தெரியுமா? எதற்கும் இருக்கட்டும் என்று பயந்த பொறியியலாளர்கள்! 1,500 குழாய் போதும் என்று பௌதிகவியலாளர்கள் சொன்ன இடத்தில், அவர்கள் 2,004 குழாய்க்கு வழி வைத்திருந்தார்கள். அந்த மேலதிக 504தான் செனனை வென்றது!

1986 ஏப்ரல் 26, செர்னோபில். அங்கும் இதே செனன்! உலையின் வலு இறங்கியதும் செனன் ஏறியது. அதை ஈடுகட்டக் கட்டுப்பாட்டுக் கோல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே இழுத்தார்கள். பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்!

இனி வருவது நம்ம வீட்டுச் சரக்கு! அணு உலையின் எரிபொருளைச் சுற்றியிருக்கும் உறை எந்த உலோகம்? சிர்க்கோனியம். அது முதன்முதலில் எந்தக் கல்லில் கண்டுபிடிக்கப்பட்டது தெரியுமா? இலங்கைக் கல்லில்! 1789இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் மார்ட்டின் ஹைன்ரிச் கிளாப்ரோத், இங்கிருந்து போன ஒரு சிர்க்கோன் கல்லை ஆராய்ந்துதான் அந்த மூலகத்தைக் கண்டார்!

இன்னும் கேளுங்கள். அதே கிளாப்ரோத், அதே 1789இல் கண்டுபிடித்த இன்னொரு மூலகம் எது? யுரேனியம்! ஒரே ஆள், ஒரே ஆண்டு. இன்றைக்கு ஒன்று எரிபொருள், மற்றது அதன் சட்டை! இப்படி ஒரு பொருத்தம் எந்தச் சாத்திரக்காரருக்கும் வாய்க்காது!

மாத்தறை வைரம் என்று பெயர் வாங்கிய கல் வைரமே இல்லை, தெரியுமா? அதுவும் சிர்க்கோன்தான்! புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் அதே சிர்க்கோன் கொட்டிக் கிடக்கிறது!

சிர்க்கோனியத்தின் பெருமையே, நியூத்திரனைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவதுதான். பிடிக்கும் பரப்பு 0.18 பார்ன்! ஆனால் மணலில் அதோடு ஒட்டிப் பிறந்த ஹஃப்னியம் 100 பார்னுக்கும் மேல்! இரசாயனத்தில் இரட்டைப் பிள்ளைகள், நியூத்திரன் விடயத்தில் 500 மடங்கு வித்தியாசம்! இரண்டையும் பிரித்தெடுக்காமல் உலைப்பக்கமே போக முடியாது. உலைக்கு ஏற்ற சிர்க்கோனியம் தயாராகும் ஓர் இடம், புத்தளத்துக்கு எதிர்க்கரையில், தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயல்!

இப்போதுதான் இந்தப் பக்கத்தின் நாயகன் வருகிறார். சிர்க்கோனியத்துக்கு நிலையில்லாத ஒரு தம்பி உண்டு: சிர்க்கோனியம்-88. அரைவாழ்வுக் காலம் 83 நாள். இது எத்தனை பார்னுக்கு நியூத்திரனைப் பிடிக்கும்? கணினி மாதிரிகள் சொன்ன பதில் சுமார் 10. யாரும் சந்தேகப்படவில்லை!

2019 ஜனவரியில் நேச்சர் சஞ்சிகையில் அளவீடு வந்தது. லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தின் ஜெனிஃபர் ஷஸ்டர்மன் குழுவினர், மிசூரிப் பல்கலைக்கழக உலையில் அந்தக் கருவுக்கு நியூத்திரன் குளியல் கொடுத்தார்கள். விடை: 861,000 பார்ன்! எதிர்பார்த்ததைப்போல 86 ஆயிரம் மடங்கு! மாதிரிகளின் முகத்தில் இவ்வளவு பெரிய கரியை வேறு எந்தக் கருவும் பூசியதாகத் தெரியவில்லை!

பிறகு இன்னும் நுணுக்கமாக அளந்தார்கள். கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம் என்றால், 804,000! உலக அரங்கில் செனன்-135க்கு அடுத்த இடம் இன்றும் இதற்குத்தான்!

செனனுக்கும் சிர்க்கோனியம்-88க்கும் இடையில் எழுபது ஆண்டுக்கும் மேல் இடைவெளி. அவ்வளவு காலம் இரண்டாம் இடத்துக்காரர் ஒளிந்தே இருந்திருக்கிறார்! இன்னும் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்களோ!

ஏன் ஒளிந்திருக்க முடிகிறது? எண்களைப் பாருங்கள். நிலையான கருக்கள் சுமார் 250. ஆய்வுகூடங்களில் இதுவரை கண்ட மொத்தக் கருக்கள் 3,000க்கும் மேல். இருக்கலாம் என்று கோட்பாடு சொல்வது சுமார் 7,000! பாதிக்கு மேற்பட்டவை முகம் காட்டவே இல்லை!

காட்டினாலும் அளப்பது எப்படி? ஒரு செக்கனுக்குள் மறைகிற கருவைத் தட்டில் வைத்து நியூத்திரன் அடிக்க முடியாது. சரி, நியூத்திரனைத் தட்டில் வைத்துக் கருவை அதன்மேல் எறியலாமே? அதுவும் முடியாது! தனி நியூத்திரன் தானே நிலையில்லாதது. சராசரி ஆயுள் சுமார் 880 செக்கன். கால் மணித்தியாலம்கூடத் தேறாது! அடிப்பவரும் அடிபடுபவரும் அவசரக்காரர்கள். அதனால்தான் மாதிரி!

அந்த மாதிரியின் வயது எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? சூப்பர்கணினிக் காலத்துச் சரக்கு என்றா? இல்லை! வால்ட்டர் ஹவுசரும் ஹேர்மன் ஃபெஷ்பாக்கும் 1952இல் எழுதிய சூத்திரம்தான் இன்றுவரை ஓடுகிறது. ராலிஸ் போன்ற இன்றைய கணினி நிரல்களின் வயிற்றுக்குள்ளும் அதுவே!

அதற்கு அடித்தளம் இன்னும் பழையது. 1936இல் நீல்ஸ் போர் சொன்ன கூட்டுக்கரு. கருவுக்குள் நுழைந்த நியூத்திரன், தான் எந்த வழியால் வந்தோம் என்பதையே மறந்துவிடும் என்றார்! அதன் சக்தி எல்லாத் துகள்களுக்கும் பங்கு போய்விடும். பிறகு கரு ஆறுதலாக யோசித்து ஒரு காமாக் கதிரை வெளியே விடும். ஆறுதலாக என்றால், ஒரு செக்கனைக் கோடி கோடியாகப் பிரித்த நேரத்துக்குள்!

மாதிரிக்கு மூன்று விடயம் தெரிய வேண்டும். கருவுக்கு நியூத்திரன் எப்படித் தெரிகிறது? கரு எவ்வளவு தாராளமாகக் காமாக் கதிர் விடும்? உள்ளே சக்தி மட்டங்கள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன? மூன்றாவதுதான் தலைவலி. ஹான்ஸ் பெத்தே 1936இலேயே அதற்குச் சூத்திரம் போட்டார். 90 ஆண்டாகிறது, சண்டை ஓயவில்லை!

அந்தச் சண்டையில் ஒரு தமிழர் பெயரும் இருக்கிறது! சக்தி மட்ட அடர்த்திக்கு 1978இல் ஃபிசிக்கல் ரிவியூவில் வந்த ஒரு புகழ்பெற்ற சூத்திரத்தின் உரிமையாளர்கள் மூவர்: கட்டாரியா, ராமமூர்த்தி, கபூர். மூவரும் மும்பை பாபா அணு ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள். நடுவில் இருப்பவர் வலங்கைமான் சுப்பிரமணியன் ராமமூர்த்தி! பின்னாளில் இந்தியாவின் அறிவியல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரானவரும் இவர்தான். வலங்கைமான் எங்கே இருக்கிறது? திருவாரூர் மாவட்டத்தில்!

தெரிந்த கருக்களுக்கு எல்லா மாதிரிகளும் ஏறக்குறைய ஒரே விடை சொல்லும். நிலையான கருக்களை விட்டுத் தள்ளிப் போகப் போக ஒன்று கிழக்கே போகும், ஒன்று மேற்கே போகும். வித்தியாசம் 10 மடங்கு, 100 மடங்கு என்று விரியும்! பரீட்சையில் ஒருவர் 5 என்றும் இன்னொருவர் 500 என்றும் எழுதினால் வாத்தியார் என்ன செய்வார்? இங்கே வாத்தியாருக்கே விடை தெரியாது!

அதனால் அளக்கக்கூடியதை எல்லாம் விடாமல் அளக்கிறார்கள். ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில் என்-ரொஃப் என்று ஒரு கூடம். புரோத்தன் கற்றையை ஈயக்கட்டியில் அடிப்பார்கள். ஒரு புரோத்தனுக்கு எத்தனை நியூத்திரன் தெறிக்கும்? சுமார் 300! அவை 185 மீற்றர் குழாய்க்குள் பறந்து வந்து கருவைத் தொடும். வந்துசேரும் நேரத்தை வைத்தே வேகத்தைச் சொல்லிவிடுவார்கள்!

அங்கே அளக்கப்பட்ட நிலையில்லாத கருக்களில் சில: சமேரியம்-151, அரைவாழ்வுக் காலம் சுமார் 90 ஆண்டு. நிக்கல்-63, சுமார் 100 ஆண்டு. தாலியம்-204, வெறும் 3.8 ஆண்டு! மில்லிகிராம் கணக்கில் செய்து, அது தேய்வதற்குள் ஓடி ஓடி அளந்த சாதனை!

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். சேர்ன் வளாகத்தில் ஒரு நடராசர் சிலை நிற்கிறது. 2004இல் இந்தியா கொடுத்த பரிசு. பக்கத்தில் ஒரு பலகை. அதில் நடராசர் பற்றி யாருடைய வாசகம் பொறித்திருக்கிறது? கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியுடையது! சேர் முத்து குமாரசுவாமியின் மகன்!

கலையைப் பற்றி எழுதியவருக்கும் கருவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அவர் முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர்! இலங்கைக் கனிமவள அளவையின் முதல் பணிப்பாளர்! சப்ரகமுவ மலைப்பக்கம் கிடைத்த கரிய கனசதுரக் கல் ஒன்றை 1904இல் உலகத்துக்குக் காட்டியவர். யுரேனியக் கல்லாக இருக்கும் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். லண்டனில் சோதித்தார்கள். உள்ளே பெரும்பகுதி தோரியம்! தோரியனைற் என்ற புதுக் கனிமம் பிறந்தது!

அந்த இலங்கைக் கல்லின் சாறு யார் கைக்குப் போனது தெரியுமா? லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு ஆங்கிலம் கற்கவென்று வந்திருந்த ஒரு ஜேர்மன் இளைஞருக்கு! ரேடியத்தைப் பிரித்தெடு என்றார் ராம்சே. பிரிக்கப் போனவர் கையில் புதிய கதிரியக்கப் பொருளே சிக்கியது. 1905. பெயர் ரேடியோதோரியம்! இன்று தோரியம்-228!

அந்த இளைஞரின் பெயர் ஓட்டோ ஹான்! 1938 டிசெம்பரில் ஃபிரிட்ஸ் ஸ்ராஸ்மனோடு சேர்ந்து, யுரேனியக் கரு நியூத்திரனைப் பிடித்துப் பிளக்கிறது என்று கண்ட அதே ஓட்டோ ஹான்! 1944ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல்! கதிரியக்கத்தில் அவர் எடுத்துவைத்த முதல் அடி, நம்ம ஊர்க் கல்லின்மேல்!

இலங்கையில் அணு உலை ஒன்றுகூட இல்லை. ஆனால் கதிரியக்க இரத்தினக்கல்லே உண்டு! எஹெலியகொடைப் பக்கம் 1953இல் எஃப்.எல்.டி. ஏகநாயக்க கண்டெடுத்த பச்சைக் கல் ஏக்கனைற். உள்ளே தோரியம்! தன் சொந்தக் கதிரியக்கத்தால் தன் பளிங்கு அடுக்கையே உடைத்துக்கொண்ட கல் அது! மோதிரத்தில் போடுவதற்கு முன் யோசியுங்கள்!

தோரியம் தமிழ்நாட்டிலும் கொழிக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைற் இருப்பது எப்படித் தெரியவந்தது? கயிற்றால்! திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னந்தும்பில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பர்க் என்ற ஜேர்மானியர் உற்றுப் பார்த்தார். ஆண்டு 1909. இன்று இந்தியக் கரைகளில் கணக்கிடப்பட்ட மோனசைற் 1 கோடியே 20 இலட்சம் தொன்னுக்கும் மேல்!

தோரியம்-232 நேரடியாக எரியாது. நியூத்திரனை விழுங்கித் தோரியம்-233 ஆகும். அரைவாழ்வுக் காலம் 22 நிமிடம். பிறகு புரோட்டக்டினியம்-233, அரைவாழ்வுக் காலம் 27 நாள். அதன் பிறகுதான் எரியக்கூடிய யுரேனியம்-233! அந்த 27 நாள்தான் ஆபத்தான இடைவெளி. புரோட்டக்டினியம் இடையில் இன்னொரு நியூத்திரனை விழுங்கிவிட்டால்? எரிபொருளும் போச்சு, நியூத்திரனும் போச்சு! இரட்டை நட்டம்! அது விழுங்கும் பரப்பு சுமார் 40 பார்ன்!

27 நாளில் பாதியாகிவிடும் கருவை எப்படி ஆராய்வது? மும்பைக்காரர்கள் கண்டுபிடித்த குறுக்குவழியைப் பாருங்கள். தோரியத்தின்மேல் லித்தியம்-6ஐ மோதவிட்டு, வேண்டிய அதே கூட்டுக்கருவைப் பின்வாசலால் உருவாக்கினார்கள்! வேக நியூத்திரன் பட்டால் புரோட்டக்டினியம்-233 எப்படிப் பிளக்கும் என்பதற்கு 2008இல் எண் கிடைத்தது. புரோட்டக்டினியமே இல்லாமல் புரோட்டக்டினியத்தை அளந்துவிட்டார்கள்!

யுரேனியம்-233 எரித்து ஓடும் உலை உலகிலேயே எங்கே இருக்கிறது? கல்பாக்கத்தில்! பெயர் காமினி. 1996இல் உயிர்பெற்றது. வலு எவ்வளவு தெரியுமா? வெறும் 30 கிலோவோட்! நுரைச்சோலையின் ஓர் அலகோடு ஒப்பிட்டால் 10,000இல் ஒரு பங்கு. ஆனால் உலகத்தில் ஒரே ஒன்று!

தங்கம் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள். சாதாரணத் தங்கம்-197 நியூத்திரனைப் பிடிக்கும் பரப்பு 99 பார்ன். பிடித்துத் தங்கம்-198 ஆனதும்? அரைவாழ்வுக் காலம் 2.7 நாள். பரப்பு 25,000 பார்னுக்கும் மேல்! தங்கத்துக்கும் ஆசை ஏறுகிற காலம் உண்டு!

நட்சத்திரங்கள் மூலகங்களைச் சமைப்பது இரண்டு அடுப்பில். மெதுவான அடுப்பில் ஒரு நியூத்திரனுக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஆண்டுகள் போகலாம், நூற்றாண்டுகளும் போகலாம்! வேக அடுப்பில் எல்லாமே சில செக்கனுக்குள்! ஒரு கரு தேய நேரம் கிடைப்பதற்குள் அடுத்த நியூத்திரன், அடுத்த நியூத்திரன், அடுத்த நியூத்திரன்! உங்கள் தாலித் தங்கத்தின் பெரும்பகுதி வேக அடுப்புச் சமையல்தான்!

மெதுவான அடுப்புக்குச் சாட்சி வேண்டுமா? 1952இல் போல் மெரில் சில சிவப்பு நட்சத்திரங்களின் ஒளியில் டெக்னீசியம் கண்டார். அந்த மூலகத்தின் நீண்ட ஆயுள் சமதானிகளுக்கே சில இலட்சம் அல்லது சில மில்லியன் ஆண்டுதான். நட்சத்திரத்தின் வயதோ அதைவிட எவ்வளவோ அதிகம். ஆக, சட்டி இப்போதும் அடுப்பில்தான் இருக்கிறது!

இரண்டு அடுப்பையும் பெயர் சொல்லிப் பிரித்த கட்டுரை 1957இல் வந்தது. எழுதியவர்கள் பேர்பிட்ஜ் தம்பதி, வில்லியம் ஃபௌலர், ஃபிரெட் ஹொயில். நீளம் 100 பக்கத்துக்கும் மேல்!

அந்த ஃபௌலருக்கு 1983இல் நோபல் கிடைத்தது. பரிசைப் பாதியாகப் பகிர்ந்தவர் யார்? நம்ம சுப்பிரமணியன் சந்திரசேகர்! சென்னை மாநிலக் கல்லூரி மாணவர்! 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக் கப்பலில் இருந்தபடியே போட்ட கணக்குத்தான் ஆரம்பம். சூரியனைப்போல 1.4 மடங்குக்கு மேல் எடையுள்ள வெள்ளைக் குள்ளன் தாங்காது! அதைத் தாண்டினால் நியூத்திரன் நட்சத்திரம், அல்லது அதைவிட மோசம். வேக அடுப்பின் விறகே அந்த நியூத்திரன் நட்சத்திரங்கள்தான்! ஒருவர் அடுப்பைக் கணக்கிட்டார், ஒருவர் சமையலைக் கணக்கிட்டார். பரிசு ஒரே மேடையில்!

2017 ஓகஸ்ட் 17. 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூத்திரன் நட்சத்திரங்கள் மோதிய அதிர்வு பூமிக்கு வந்தது. 1.7 செக்கன் கழித்துக் காமா ஒளியும் வந்து சேர்ந்தது! இரண்டும் 13 கோடி ஆண்டு ஓடிவந்து 2 செக்கன்கூட வித்தியாசம் இல்லை! அந்த மோதலில் தெறித்த கனமூலகங்களின் எடை, பூமியைப்போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். 2019இல் அந்த ஒளிக்குள் ஸ்ட்ரோன்சியத்தின் அடையாளத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள்!

மனிதனும் வேக அடுப்பு மூட்டிப் பார்த்தான், தெரியுமா? 1952 நவம்பர் 1, பசுபிக் தீவொன்றில் முதல் ஐதரசன் குண்டு வெடிப்பு. யுரேனியம்-238 கருக்கள் கண்மூடித் திறப்பதற்குள் 15, 17 நியூத்திரனை விழுங்கின! ஒவ்வொரு விழுங்கலும் நிலையில்லாத கருவின்மேல்! புகைமேகத்துக்குள் பறந்த விமானங்கள் அள்ளிவந்த தூசியில் இரண்டு புது மூலகங்கள் சிக்கின. ஐன்ஸ்ரைனியம், ஃபெர்மியம்! ஐன்ஸ்ரைனும் ஃபெர்மியும் அப்போது உயிரோடு இருந்தார்கள். இரகசியம் வெளியே வருவதற்குள் இருவரும் காலமாகிவிட்டார்கள்!

2004 டிசெம்பர் 26ஐ நம்மில் யாரும் மறக்கமாட்டோம். மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? சர்வதேச நேரப்படி டிசெம்பர் 27 இரவு, எஸ்ஜிஆர் 1806-20 என்ற காந்த நியூத்திரன் நட்சத்திரம் ஒன்று வெடித்துச் சீறிய ஒளி, பூமியின் மேல்வளிமண்டலத்தையே உலுக்கியது!

முதல் சீற்றம் அடங்கி 10 நிமிடத்தில் இன்னொரு மங்கலான காமா மினுக்கம் வந்தது. செயற்கைக்கோளில் பதிவானது. அது எதனால் என்று யாருக்கும் புரியவில்லை. தரவு 20 ஆண்டு அப்படியே கிடந்தது!

2025 ஏப்ரலில் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் அனிருத் பட்டேலும் குழுவினரும் முடிச்சை அவிழ்த்தார்கள். அது புதிதாகப் பிறந்த நிலையில்லாத கருக்கள் தேயும் ஒளி! ஆய்வுகூடத்தில் அளக்கவே முடியாத அந்தக் கருக்களுக்கு மாதிரிகள் கொடுத்த எண்களை வைத்துப் போட்ட கணக்கு, 20 ஆண்டுப் பழைய பதிவோடு கச்சிதமாகப் பொருந்தியது. சிர்க்கோனியத்தில் 86 ஆயிரம் மடங்கு கோட்டைவிட்ட மாதிரிகள் இங்கே முழுப் புள்ளி!

அந்த ஒரே சீற்றத்தில் வெளியே வந்த கனமூலகங்களின் எடை? பூமியின் மூன்றில் ஒரு பங்கு. நிலாக் கணக்கில் சொன்னால் 27 நிலா!